அல்பேனியாவில் மனத்தில் தங்கிய ஒரு சந்திப்பு, சொல்லுங்கள்

வேம்பு:
அல்பேனியக் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி என்வர் ஹோஜாவின் ஆட்சிக் கதைகளைத் தேடி எழுதுகிறவர்கள்தான் இங்கே இருக்கிறோம், முன்கதை வேண்டாம். திரானாவில் நான் தங்கிய வீட்டுக்கார அம்மா, தன் அப்பாவைப் பற்றிச் சிகுரிமி (அந்த ஆட்சியின் ரகசிய போலீஸ்) வைத்திருந்த ஃபைலை வாங்கி வைத்திருந்தார். 2015 சட்டம் வந்த பிறகு விண்ணப்பித்து வாங்கலாமே, அப்படி. ஜெராக்ஸ் தாள்களைச் சமையலறை மேசையில் பரப்பி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். இத்தாலிய ரேடியோவைப் பற்றி அப்பா சாப்பிடும்போது சொன்னது, வார்த்தை பிசகாமல் இருந்தது. “அன்றைக்கு நாங்கள் நாலு பேர்தான்” என்றார். கீழே ஆள்காட்டியின் புனைபெயர். எழுதலாமா என்று கேட்டேன். “தாராளமாக எழுது. அந்தப் புனைபெயரை மட்டும் போடாதே.” ஆள் யாரென்றே தெரியாதென்றால் புனைபெயரை மறைப்பானேன்? இன்னும் நான் எழுதவில்லை.

கடலோடி:
கப்பல் டுரஸில் நின்றபோது துறைமுக ஃபோர்மேன் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். 1991 ஆகஸ்டில் வ்லோரா கப்பலில் தொற்றி ஏறி இத்தாலியின் பாரிக்குப் போனவர்களில் ஒருவர். கியூபா சர்க்கரை கொண்டுவந்த கப்பல், ஏறக்குறைய 20,000 பேர். படம் பார்த்திருப்பீர்கள். நான் நெரிசலைப் பற்றிக் கேட்டால் அவர் தாகத்தைப் பற்றியே பேசினார். “வாயெல்லாம் சர்க்கரை, குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை.” பாரியில் ஸ்டேடியத்தில் அடைத்துவைத்து, பெரும்பாலானவர்களைப் போல அவரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவர் மகன் பாரியில்தான் இருக்கிறான். 2010 கடைசியிலிருந்து போய்வர விசாகூட வேண்டாம். இவர் போனதே இல்லையாம்.

கூர்க்கல்:
வேம்பு, நாலு பேர் என்றதும் வீட்டுக்குள்ளேயே துரோகி என்று முடிவு கட்டாதீர்கள். திரானாவில் சிகுரிமியின் வேவு வேலையைக் காட்டும் ‘இலைகள் வீடு’ மியூசியத்தில் ஒட்டுக்கேட்கும் மைக்குகளைப் பார்த்திருப்பீர்களே? அப்புறம், போன வாரம் யாரோ, ஹோஜா நாடெங்கும் கட்டிய கான்கிரீட் பதுங்கு அறைகள் 7,50,000 பங்கர் என்று எழுதியிருந்தார்கள். அது டூரிஸ்ட் கைடு கணக்கு. 1983 வரை கட்டியது சுமார் 1,73,000.

என் கதை சின்னது. அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ஸ்பாச் சிறைக்குப் போகும் வழியில் ஒரு பெரியவரிடம் 1973 மே கலகத்தைப் பற்றிக் கேட்டேன். கைதிகள் கம்யூனிஸ்ட் நட்சத்திரம் இல்லாத தேசியக் கொடியை ஏற்றினார்களே, நாலு பேரைச் சுட்டுக் கொன்றார்களே, அது. “கொடியைப் பார்த்தேன்” என்றார். கம்பி வேலிக்கு எந்தப் பக்கம் நின்று என்று சொல்லவில்லை.

கேட்டு எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போனவுடன் ஃபோனை மேசையில் வைத்து ரெக்கார்டரைப் போடாதீர்கள். ஒட்டுக்கேட்கப்பட்டே வாழ்ந்த தலைமுறை அது. ஹோஜாவில் ஆரம்பிக்காமல் ரேஷனில் ஆரம்பியுங்கள், தெருவில் முதல் டிவி யார் வீட்டில் என்று கேளுங்கள். அதிக வட்டி ஆசை காட்டிய பிரமிடு கம்பெனிகள் கவிழ்ந்த 1997-ஐ அவர்களாக எடுக்கும்வரை எடுக்காதீர்கள். சிறைக்குப் போனதை நிமிர்ந்து சொல்கிறவர்கள்கூட, வீட்டையும் மாட்டையும் விற்றுப் பிரமிடு கம்பெனியில் போட்டதைச் சொல்லக் கூசுகிறார்கள். முக்கியமாக, ஊர் பெயரை மாற்றிவிடுங்கள். சின்ன நாடு, ஊரும் தாத்தா தொழிலும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வேம்பு:
மைக் கதை அந்த அம்மாவுக்கும் தெரியும் கூர்க்கல். மைக்குக்கு யார் புனைபெயர் வைப்பார்கள்?