29 வயதில் பிரதர்

போன மாதம் முடிவெட்டப் போயிருந்தேன். சாதாரணச் சட்டை, பேண்ட்தான். கடைக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு, “காதுப் பக்கம் நாலஞ்சு நரை தெரியுது சார். டை அடிச்சிருவோமா? பொண்ணு பாக்குற நேரம்” என்றார். பொண்ணெல்லாம் பார்க்கவில்லை என்றேன். “அப்ப கல்யாணம் ஆயிருச்சா?” அதுவும் இல்லை. அவர் குழம்பிப் போனதைப் பார்த்துப் பாவமாகி, கத்தோலிக்கச் சாமியாருக்குப் படிக்கிறேன் என்று சொன்னேன். கத்தரிக்கோல் நின்றுவிட்டது. “எத்தன வருசம் சார் அந்தப் படிப்பு?”

விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். 2013-ல் பிளஸ் டூ முடித்த கையோடு இளங்குருமடம், அதாவது சாமியார் படிப்பின் முதல் படி. அங்கே ஆங்கிலமும் கொஞ்சம் லத்தீனும் ஒரு வருடம். கல்லூரிப் பட்டப்படிப்பு மூன்று, ஆன்மிக ஆண்டு ஒன்று, தத்துவம் மூன்று, ஏதாவது ஒரு பங்குக் கோயிலில் தங்கிப் பழகும் ரீஜென்சி ஒன்று, இறையியல் நான்கு. மொத்தம் பதிமூன்று. “டாக்டருக்கே அவ்வளவு கெடையாதே சார்” என்றார். கடைசியில் காசு வாங்க மாட்டேன் என்று ஒரே அடம். டை மட்டும் அடிக்கவில்லை.

திருச்சபைச் சட்டப்படி குருப்பட்டம் வாங்கக் குறைந்தது 25 வயது ஆகியிருக்க வேண்டும். எனக்கு அந்த வயது தாண்டி நான்கு வருடம் ஆகிறது. இறையியல் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். பட்டம் வாங்காததால் இன்னும் ‘பிரதர்’தான். என்னோடு பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தவன் வீட்டுக்கடன் கட்டுகிறான், பிள்ளையை எல்கேஜியில் சேர்த்துவிட்டான். நான் பல் டாக்டரிடம் போக வேண்டுமென்றால் குருமட அதிபர் தந்தையின் அறைக்கு முன்னால் நின்று அனுமதி கேட்கிறேன். போன் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கையில் வரும். விடியுமுன் மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், இரவு செபம் முடிந்தால் வாயைத் திறக்கக் கூடாது. குறையாகச் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடித்தே போய்விட்டது. ஆனால் 29 வயதுக்காரன் “ஃபாதர், ஒரு ஜோடி செருப்பு வாங்கணும்” என்று நிற்பதில் ஒரு கூச்சம் இருக்கத்தான் செய்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வெளி கேட்டைத் தாண்டினால் நானே கிழவன்.

ரீஜென்சியின்போது தென்மாவட்டத்தில் ஒரு பங்கில் இருந்தேன். வயது 25. சாயங்காலமானால் வீடு சந்திக்கப் போக வேண்டும். ஒரு வீட்டில் எண்பதைத் தாண்டிய ஆச்சி, நார்க்கட்டிலை விட்டு மெல்ல இறங்கி, “தோத்திரம் சாமி” என்று தலையைக் குனிந்தார். “ஆச்சி, நான் இன்னும் சாமியார் ஆகல, பிரதர்தான்” என்றேன். “அது எனக்குத் தெரியும். நீரு ஆவும்போது நான் இருக்கணுமே. இப்பமே கைய வச்சிரும்” என்றார். வைத்தேன். என் உள்ளங்கைக்குக் கீழே மண்டை எலும்பு அப்படியே தட்டுப்பட்டது, முடி அவ்வளவு மெல்லிசு. என்ன செபம் சொன்னேன் என்று நினைவில்லை. ஆச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை, இன்னும் திடமாக இருக்கிறார். போன கிறிஸ்துமஸ் சமயம் பார்க்கப் போனால், “என்ன சாமி, இன்னுமா படிச்சு முடிக்கல?” என்கிறார்.

அதே பங்கில் இன்னொரு இரவு. ஐம்பது வயதிருக்கும், ஒரு லாரி டிரைவர், பங்குசாமியார் இல்லாத நேரம் பார்த்து வந்தார். மனைவி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறதாம். “நீங்க ஒரு வழி சொல்லுங்க பிரதர்” என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடவுள் இருக்கிறார் என்பதற்குத் தாமஸ் அக்குவினாஸ் சொன்ன ஐந்து வழிகள். அதில் ஒன்றும் இவருக்கு ஆகாது. “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். இல்லை என்றார். சமையலறையில் மிச்சமிருந்த சோறும் மீன் குழம்பும் எடுத்து வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே பேசினார், குடித்தது, அடித்தது, மகள் முகம் கொடுக்காதது எல்லாம். தட்டில் கை காய்ந்துபோகும்வரை பேசினார். நான் ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. போகும்போது “நல்லா சொன்னீங்க பிரதர்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குடும்பம் ஒன்று சேர்ந்ததா என்று பிறகு நான் விசாரிக்கவில்லை. பயம்தான்.

2022 மே 15, பதினெட்டாம் நூற்றாண்டில் விசுவாசத்துக்காக உயிரை விட்ட தேவசகாயத்துக்கு ரோமில் புனிதர் பட்டம் கொடுத்த நாள். கோயிலில் திரை கட்டி நேரடி ஒளிபரப்பு போட்டோம். மதிய வெயிலில் கூட்டம் தாங்கவில்லை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சூடாகிவிடுமோ என்று நான் ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற, ஞானப்பாடம் சொல்லிக்கொடுத்த பழைய உபதேசியார் என் விலாவில் இடித்து, “குடும்பஸ்தர் பாத்துக்கிடும். சாமியாருமில்ல, பிரதருமில்ல” என்றார். நக்கல்தான், ஆனால் சரியான பேச்சு. 1745-ல் ஞானஸ்நானம் வாங்கும்போது தேவசகாயத்துக்கு 33 வயது. காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றபோது 39. இவ்வளவு தாமதமாகத் தொடங்கிய ஆள் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அன்றைக்கு இரவு என் வயதைப் பற்றி முனகாமல் தூங்கினேன்.

எங்கள் செட்டில் 14 பேர் சேர்ந்தோம். இப்போது நால்வர். போனவர்களைப் பற்றி முன்பெல்லாம் உள்ளே ஒரு மாதிரி தாழ்ந்த குரலில் பேசுவார்கள், இப்போது அவ்வளவு இல்லை. தத்துவம் இரண்டாம் ஆண்டோடு வெளியேறிய ஒருவனைத் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தோளில் குழந்தை, கையில் பால்பாட்டில். “இன்னும் மணியடிச்சாத்தான் எந்திரிக்கியால?” என்றான். ஆமா என்றேன். குழந்தையைக் காட்டி, “என் மணி இவதான். நாலு மணிக்கே அடிச்சிருவா” என்றான். டீ குடித்தோம். அவன் ஒரு கையால் பால்பாட்டில் மூடியைத் திருகிய வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறாமையா என்று கேட்டால், அந்தப் பத்து நிமிடம், ஆமாம். அதை ஆன்ம குருவிடமும் சொன்னேன். “பொறாமைப்படலேன்னா தான் நான் கவலைப்படுவேன்” என்றார் அவர்.

அங்கி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இறையியல் தொடக்கத்தில்தான் எங்களுக்கு வெள்ளை அங்கி. தைத்துக் கொடுத்த டெய்லர் பல வருடமாகச் சாமியார்களுக்குத் தைப்பவர். பக்கத் தையலில் இரண்டு அங்குலம் துணியை உள்ளே மடித்து விட்டிருந்தார். எதற்கு என்றால், “பட்டம் வாங்குனா வீட்டுக்கு வீடு விருந்து வைப்பாங்க தம்பி, அப்ப பிரிச்சு விட்டுக்கலாம்” என்றார். பட்டம் இன்னும் வாங்கவில்லை. போன வருடமே ஒரு அங்குலம் பிரித்தாகிவிட்டது.

அந்த அங்கியை முதன்முதலில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போனது எங்கள் மாதா திருவிழாவுக்கு. எங்களுடையது கடற்கரை ஊர். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். என்னை ‘ஏலே’ என்பதைத் தவிர வேறு பெயரில் கூப்பிட்டதாக நினைவில்லை. கோயில் முற்றத்தில் பத்துப் பேர் நடுவில் என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, “வாங்க” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. சந்தோஷத்தில் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அதிலிருந்து ‘வாங்க, போங்க’தான். வீட்டுக்குள் அங்கி இல்லாமல் கைலியோடு உட்கார்ந்திருந்தாலும், “சாப்டுறீங்களா?” என்பார். அப்படிக் கூப்பிடாதீங்கப்பா என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். “மரியாதை இல்லியா?” என்பதோடு சரி.

இந்த மே லீவில் ஊரில் இருந்தேன். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், எங்கள் வள்ளங்கள் மட்டும் போய் வந்துகொண்டிருந்தன. ஒருநாள் காலை காற்று கூடுதல். பத்து மணிவாக்கில் அப்பாவின் வள்ளம் வந்தது. கரையோரம் அலை பக்கவாட்டில் அடித்து வள்ளம் திரும்பப் பார்த்தது. இழுக்க ஆள் போதவில்லை. நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன், இடுப்புவரை தண்ணீர். வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் நின்ற அப்பா கயிற்றைச் சுருட்டி என் முகத்துக்கு நேராக வீசிக் கத்தினார்:

“ஏலே! வாயப் பாத்துட்டு நிக்காத, பிடில!”