முட்டையும் கஜுவும் இல்லாத பிறந்தநாள் கேக்: உதவி தேவை

அக்காமார், தங்கச்சிமார், வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். அடுத்த மாதம் மகளுக்கு நாலு வயது. முட்டையும் கஜுவும் ஒத்துவராது. உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்துவிடும்.

கடைக் கேக் வாங்கப் பயம். லவ் கேக்கில் இரண்டுமே உண்டு. அல்மண்ட் ஐசிங் என்று பூசுவதையும் இங்கே பலர் கஜுவில்தான் அரைக்கிறார்கள். வருகிற பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே கேக்தான். அவளுக்கு மட்டும் தனித் தட்டு வைக்க மனமில்லை.

பாலில் வினாகிரி விட்டுத் திரைய வைத்து, அப்பச்சோடா சேர்த்து பட்டர் கேக் செய்கிறேன். ருசி நல்லம். ஆனால் ஒவனில் இருந்து எடுத்ததும் நடு அமுங்குகிறது. வெட்டினால் அடியில் களி மாதிரி ஒரு கோடு. சோடா கூடிப்போகிறதா, கலந்தபின் சுணங்குகிறேனா? கொண்டைக்கடலை அவித்த தண்ணீரை ஒரு முட்டைக்குப் பதிலாக 3 மேசைக்கரண்டி விடலாமாம். 2 இறாத்தல் கேக்குக்கு அது தாங்குமா?

அப்புறம், கஜு புழங்காத வீட்டில் ஐசிங் செய்து தருபவர்கள் தெஹிவளைப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள். "ஒரு துண்டு கொடுத்துப் பழக்குங்கோ" என்ற ஆலோசனை மட்டும் வேண்டாம், அது மாமியிடமே தாராளமாகக் கிடைக்கிறது.