66 டீலக்ஸ் ரிவர்ப்: ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றலாமா, விட்டுவிடலாமா?

கம்பி_ஆறு
1966 ஃபெண்டர் டீலக்ஸ் ரிவர்ப், டியூபில் ஓடும் கிட்டார் ஆம்ப். அமெரிக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தது, உள்ளே எல்லாம் ஒரிஜினல். வால்யூம் சுழியில் இருந்தாலும் உறுமுகிறது. ஆறாம் கம்பியை ஓங்கி அடித்தால் ஒலி குழைகிறது. மின்சப்ளையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றினால் அந்தக் கால ஒலி போய்விடுமா?

பழசுப்பிரியன்
கை வைக்காதீங்க தம்பி. ஒரிஜினல் பாகங்களோட இருக்கிற 66க்கு மதிப்பே வேற. வேரியாக்கில் (வோல்ட்டை ஏற்றி இறக்குற கருவி) 20 வோல்ட்டில் தொடங்கி, அரைமணிக்கு ஒரு படியா ஏற்றுங்க. கெப்பாசிட்டருக்குள்ள ஆக்சைடு படலம் மறுபடி உருவாகும். அழுத்தி வாசிக்கும்போது சப்ளை கொஞ்சம் தளர்ந்து கொடுக்கிறதுதான் இந்த ஆம்ப்போட இனிமை. புதுசு போட்டா ஒலி விறைச்சுப்போகும்.

சால்டர்சாமி
அண்ணே, இதுல ஏசியை டிசி ஆக்குவது ஜிஇசட்34 ரெக்டிஃபயர் டியூப். குறைந்த வோல்ட்டில் அதன் கேத்தோடு (எலக்ட்ரானை வெளிவிடும் பகுதி) சூடேறாது. கெப்பாசிட்டருக்கு எதுவும் போய்ச் சேராது. சூடேறியதும் உயர்வோல்ட் ஒரேயடியாகப் பாயும். உங்கள் முறைக்கு அந்த சாக்கெட்டில் டையோடு ரெக்டிஃபயர் செருகியாக வேண்டும். அப்படிச் செய்தாலும் படலம்தான் திரும்பும், அறுபது வருடத்தில் வற்றிய திரவம் திரும்பாது.

தளர்ச்சியைத் தருவது ரெக்டிஃபயர் டியூபும் டிரான்ஸ்ஃபார்மரும். 16 மைக்ரோஃபாரட்டை எடுத்துவிட்டு அதே 16 போட்டால் அது அப்படியே இருக்கும். 47, 100 என்று ஏற்றிப் போடும்போதுதான் விறைக்கும். ரெக்டிஃபயரை அடுத்த முதலிடத்தில் இரண்டு 16 இணையாக, ஆக 32. ஜிஇசட்34க்குத் தரவுத்தாள் வரம்பே 60. சிம் லிம் டவர் கடைகளில் 22 மைக்ரோஃபாரட், 500 வோல்ட் கிடைத்தாலும் போடலாம், இரண்டும் சேர்ந்து 44தான் வரும்.

தம்பி, முதலில் ஃபோனில் ஸ்பெக்ட்ரம் ஆப் வைத்து உறுமலைப் பாருங்கள். அமெரிக்கர்கள் 120 ஹெர்ட்ஸ் என்று எழுதுவது இங்கே 100. அது 100 என்றால் ஃபில்டர், அல்லது ஜோடி சேராத 6வி6 அவுட்புட் டியூப்கள். 50 என்றால் டியூபைச் சூடாக்கும் ஹீட்டர் வயரிங், அல்லது பயஸ் (6வி6களின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எதிர்மறை வோல்ட்) கெப்பாசிட்டர்.

பெடோக்_பாஸ்
எதற்கு முன்னாலும் கரண்டைக் கவனிங்க. நம்ம 230ஐ 115 ஆக்கிக் கொடுங்க, 120 வேண்டாம். 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் 50இல் ஓடும்போது இரும்பில் காந்தப்பாய்வு 20 சதவீதம் கூடும், சூடும் கூடும். ஸ்டெப்-டவுன் 300 விஏ இருக்கட்டும். இரண்டு கால் பிளக்கை எடுத்துவிட்டு எர்த்தோட மூன்று கோர் வயர் போடுங்க. மெயின்ஸிலிருந்து சாசிக்கு (ஆம்ப்போட உலோகச் சட்டம்) போகிற 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை வெட்டிடுங்க. அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியிலேயே மின்சாரம் வரும்.

பழசுப்பிரியன்
பிளக் விஷயத்தில் மறுபேச்சு இல்லை. ஃபில்டரும் சரி, வற்றினது வற்றினதுதான். ஆனா கடையில கொடுத்தா சிக்னலை அடுத்த டியூபுக்குக் கடத்துற நீலக் கப்ளிங் கெப்பாசிட்டரையும் சேர்த்துப் பிடுங்கிடுவாங்க. ஒலியோட நிறமே அங்கேதான் இருக்கு.

சால்டர்சாமி
அதில் உங்கள் பக்கம்தான் நான். அளந்து பார்க்காமல் நீலத்தைத் தொடவே கூடாது. ஃபில்டரை மாற்றிய பிறகு 6வி6 இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்து, சாக்கெட்டுகளின் 5ஆம் பின்னில் டிசி வோல்ட் பாருங்கள். இரண்டிலும் -35 வோல்ட் வாக்கில் ஒன்றுபோல் வரவேண்டும். ஒன்று மட்டும் சுழியை நோக்கி நகர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து 0.1 மைக்ரோஃபாரட் நீலக் கெப்பாசிட்டர் கசிகிறது, அதை மட்டும் மாற்றுங்கள்.

நம்ம ஊர் ஈரத்தில் இன்னொன்று. பாகங்களைத் தாங்கும் மெழுகு பூசிய கறுப்பு அட்டை ஈரம் குடித்தால் அட்டை வழியாகவே டிசி கசியும். குமிழைத் திருப்பினால் கரகரக்கும், கெப்பாசிட்டர் மேல் பழி விழும். பாகம் எதுவும் இல்லாத வெறும் இடத்தில் மீட்டர் வயரின் முனையை வைத்துப் பாருங்கள். சில வோல்ட் காட்டினால் ஹேர் டிரையரால் மிதமாகக் காயவையுங்கள்.

உள்ளே கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலையில் விட்டு, முதல் டியூபின் 1ஆம் பின்னிலிருந்து சாசிக்குக் கிளிப் வயர் மாட்டுங்கள், கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடியும். மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைப் பார்த்த பிறகே தொடவேண்டும். ஃபில்டரோடு பயஸ் கெப்பாசிட்டரையும், டியூப்களின் கேத்தோடில் இருக்கும் 25 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர்களையும் மாற்றுங்கள். அவை வற்றினால் ஒலி மெலிந்துபோகும். கழற்றியதைப் பையில் போட்டு ஆம்ப்போடேயே வையுங்கள், அண்ணன் சொல்லும் மதிப்புக்கு அது சாட்சி.

கடைசியில் பயஸ். பிளேட்டில் 420 வோல்ட், 6வி6க்கு உச்சவரம்பு 12 வாட். அதில் 70 சதவீதம் 8.4 வாட், ஒரு டியூபுக்கு 20 மில்லியாம்ப். 8ஆம் பின்னுக்கும் தரைக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மில்லிவோல்ட்டே மில்லியாம்ப். ஸ்கிரீன் (டியூபுக்குள் இன்னொரு மின்முனை) பங்கு ஒன்றிரண்டு மில்லியாம்ப் அதில் சேர்ந்திருக்கும். 18இல் தொடங்கிக் காதால் கேட்டு ஏற்றுங்கள். விளக்கணைத்துப் பார்க்கும்போது பிளேட் சிவந்தால் உடனே நிறுத்துங்கள்.