நாங்களே அச்சிடும் பார்கோடு லேபிள்களை மட்டும் ஸ்கேனர் படிக்க மறுக்கிறது – உதவி தேவை

இருப்புக்கணக்கு (கேள்வி)

வணக்கம். உதிரி பாகங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றில் சரக்கு இருப்பைக் கவனித்து வருகிறேன். உற்பத்தியாளர் பெட்டியிலேயே பார்கோடு அச்சிட்டு அனுப்பும் பொருட்களை எங்கள் லேசர் ஸ்கேனர் காட்டிய கணத்திலேயே படித்துவிடுகிறது. சில்லறையாகப் பிரித்து நாங்களே பொட்டலமிடும் பாகங்களுக்கு ஒட்டும் லேபிள்களில்தான் சிக்கல் வருகிறது. சிலவற்றைக் கோணம் மாற்றி மாற்றிக் காட்டினால் படிக்கிறது. சிலவற்றை எப்படிக் காட்டினாலும் பீப் ஒலி எழுவதில்லை. அதே லேபிளைக் கைப்பேசியின் கேமரா படித்துவிடுவதால், ஸ்கேனர்தான் பழுதாகிவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது.

லேபிளின் அகலம் 25 மி.மீ. பிரிண்டர் அங்குலத்துக்கு 203 புள்ளிகள் அச்சிடும், மை ரிப்பன் இல்லாமல், சூட்டில் கறுக்கும் தாளில் அச்சிடும் நேரடி வெப்ப வகை. பார்கோடு கோட் 128 வகையைச் சேர்ந்தது. இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒரு சிறு கோடு, நான்கு இலக்கங்கள் என ஏழு குறிகள் அதில் உள்ளன. பார்கோடைப் படமாக உருவாக்கி, ஆவணத்தில் செருகி, லேபிளுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கி அச்சிடுகிறோம். அச்சு அழிந்துவிடக் கூடாது என்பதற்காக மேலே கண்ணாடி டேப் ஒட்டுகிறோம்.

இன்னும் இரண்டு குழப்பங்கள் உள்ளன. ஸ்கேனர் சரியாகப் படித்த லேபிளிலும் சில நேரங்களில் ஆங்கில எழுத்துகள் வரவேண்டிய இடத்தில் தொடர்பில்லாத தமிழ் எழுத்துகள் திரையில் விழுகின்றன. எக்செல் தாளில் ஸ்கேன் செய்யும்போது சில பொருட்களின் எண்ணில் முதலில் உள்ள பூஜ்யம் காணாமல் போவதால், ஒரே பொருள் இரண்டு பொருளாகப் பதிவாகிவிடுகிறது. புதிய ஸ்கேனர் வாங்குவதற்கு முன் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

லேபிள்அச்சு

வணக்கம். உற்பத்தியாளரின் பார்கோடை உடனே படிக்கும் ஸ்கேனர் பழுதானதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் கொடுத்த அளவுகளே காரணத்தைக் காட்டுகின்றன. ஸ்கேனர் எதைப் பார்க்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் அது விளங்கும்.

லேசர் ஸ்கேனர் சிவப்பு ஒளிப்புள்ளி ஒன்றை அசையும் கண்ணாடியின் மூலம் பார்கோடின் குறுக்கே இடமும் வலமுமாக ஓட்டுகிறது. வெள்ளை இடைவெளி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, கறுப்புக் கோடு விழுங்கிவிடுகிறது. திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை ஓர் ஒளி உணரி அளக்கிறது. அந்த நேரங்களின் விகிதமே கோடுகளின் அகல விகிதமாகிறது. கோட் 128இல் ஒவ்வொரு குறியும் மூன்று கோடுகளும் மூன்று இடைவெளிகளுமாக 11 அலகு அகலத்தில் அமைகிறது (மிக மெல்லிய கோட்டின் அகலமே ஓர் அலகு). ஒரு கோடு ஓர் அலகாகவோ, இரண்டு, மூன்று, நான்கு அலகுகளாகவோ இருக்கலாம். அது எத்தனை அலகு என்று ஐயமில்லாமல் தெரிந்தால்தான் அந்தக் குறி எது என்று ஸ்கேனரால் முடிவுசெய்ய முடியும்.

இப்போது உங்கள் லேபிளை எடுத்துக்கொள்வோம். ஏழு குறிகளுக்கு 77 அலகு, தொடக்கக் குறிக்கு 11, சரிபார்ப்புக் குறிக்கு 11, முடிவுக் குறிக்கு 13 என மொத்தம் 112 அலகுகள் ஆகின்றன. இருபுறமும் தலா 10 அலகு வெற்று வெள்ளைப் பகுதி கட்டாயம் என்பதால் 132. இதை 25 மி.மீ. அகலத்துக்குள் அடைத்தால் ஓர் அலகுக்கு ஏறத்தாழ 0.19 மி.மீ. கிடைக்கிறது. ஆனால் உங்கள் பிரிண்டரின் ஒரு புள்ளி 0.125 மி.மீ.; அதாவது ஓர் அலகுக்கு ஒன்றரைப் புள்ளி தேவைப்படுகிறது. அரைப் புள்ளியைப் பிரிண்டரால் அச்சிட முடியாது. ஆகவே சில மெல்லிய கோடுகளை ஒரு புள்ளியாகவும் சிலவற்றை இரண்டு புள்ளிகளாகவும் அது மாற்றிக்கொள்கிறது. ஓர் அலகுக் கோடு ஓரிடத்தில் 0.125 மி.மீ., இன்னோரிடத்தில் 0.25 மி.மீ. என்றால், விகிதத்தை மட்டுமே நம்பியிருக்கும் ஸ்கேனருக்கு அது ஓர் அலகா இரண்டு அலகா என்று தெரிய வழியில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியால் லேபிளைப் பாருங்கள். ஒரே அகலத்தில் இருக்கவேண்டிய மெல்லிய கோடுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருப்பது கண்ணுக்கே தெரியும்.

எனவே பார்கோடைப் படமாக ஒட்டிச் சுருக்கும் முறையை முதலில் கைவிடுங்கள். லேபிள் வடிவமைப்பு மென்பொருளில் கோட் 128ஐத் தேர்ந்து, ஓர் அலகுக்கு இரண்டு புள்ளி என்று முழு எண்ணாகக் கொடுத்தால், கோடுகளைப் பிரிண்டரே சரியான புள்ளிகளில் வரைந்துகொள்ளும். ஆனால் அப்போது உங்கள் ஏழு குறிகளுக்கு 33 மி.மீ. அகலம் தேவைப்படும், 25 மி.மீ. லேபிளில் அது அடங்காது. பெரிய லேபிளுக்கு மாறலாம், அல்லது எண்ணை மாற்றலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். கோட் 128இன் சி தொகுப்பில் இரண்டு இலக்கங்கள் சேர்ந்து ஒரே குறியாகின்றன. எழுத்தில்லாத ஆறு இலக்க எண்ணை அதில் எழுதினால் 68 அலகுகள். வெற்றுப் பகுதியுடன் 88. அலகுக்கு இரண்டு புள்ளி வீதம் அது 22 மி.மீ.க்குள் அடங்கிவிடுகிறது.

கண்ணாடி டேப்பையும் நீக்கிவிடுங்கள். அதன் பளபளப்பான மேற்பரப்பு லேசர் ஒளியை நேராகத் திருப்பியடிப்பதால் கறுப்பு வெள்ளை வேறுபாடு மறைகிறது. நீங்கள் கோணம் மாற்றும்போது சில லேபிள்கள் படிக்கப்படுவது இதனால்தான். தவிரவும், சில டேப்புகளின் பசையே நேரடி வெப்ப அச்சை வெளிறச் செய்துவிடும். லேபிள் நெடுநாள் நிலைக்க வேண்டுமானால் ரிப்பன் வழியாக அச்சிடும் பிரிண்டர்தான் சரியான வழி.

கவுன்டர்மேசை

இவ்வளவு மெனக்கெடுவதைவிட, படம் பிடித்துப் படிக்கும் இமேஜர் வகை ஸ்கேனர் ஒன்றை வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. கைப்பேசி படித்துவிடுகிறது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இமேஜரும் அதே முறையில்தான் வேலை செய்கிறது. பின்னாளில் கியூஆர் குறியீட்டுக்கு மாறினாலும் அதே கருவி பயன்படும். லேசரால் கியூஆரைப் படிக்கவே இயலாது.

லேபிள்அச்சு

கியூஆர் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆயினும் கைப்பேசி படிப்பதை லேபிளின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேமரா பல படங்களை எடுத்து, பார்கோடின் மேலும் கீழுமாகப் பல வரிசைகளை ஒப்பிட்டு, கெட்டுப்போன அச்சிலிருந்தும் எண்ணை ஊகித்தெடுக்கும் திறன் கொண்டது. உங்கள் லேபிள் உங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகும் நாளில், வாங்குபவரின் கையில் எந்த ஸ்கேனர் இருக்கும் என்று நம்மால் சொல்ல முடியாது. பழுது அச்சில் இருக்கையில் கருவியை மாற்றினால், அதே பழுதை அடுத்தவருக்குக் கைமாற்றிவிடுவதாகும்.

ஸ்கேனர் பேசாமல் இருப்பதை ஒரு குறையாகவும் நினைக்க வேண்டாம். கோட் 128இல் எல்லாக் குறிகளின் மதிப்பையும் இடத்துக்கேற்பப் பெருக்கிக் கூட்டி 103ஆல் வகுத்தால் வரும் மீதியே சரிபார்ப்புக் குறியாகப் பதிவாகிறது. படித்த குறிகளோடு அது பொருந்தாவிட்டால் ஸ்கேனர் ஒலி எழுப்புவதில்லை. தவறான பாகத்தின் எண்ணைப் பில்லில் ஏற்றுவதைவிட எதையும் ஏற்றாமல் இருப்பதே மேல் என்ற எண்ணத்தில்தான் அது அப்படி அமைக்கப்பட்டுள்ளது.

பில்லிங்உதவி

தமிழ் எழுத்துகள் விழுவதற்கும் அச்சுக்கும் தொடர்பில்லை. யூஎஸ்பி வழியாக இணையும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை தம்மைக் கணினிக்கு விசைப்பலகை என்றே அறிமுகம் செய்துகொள்கின்றன. பார்கோடில் ஏ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அந்த எழுத்தை அல்ல, அந்த விசையை அழுத்தியதற்கான சைகையைத்தான் ஸ்கேனர் அனுப்புகிறது. அந்த நேரத்தில் கணினியில் தமிழ் விசைப்பலகை அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், அந்த விசைக்குரிய தமிழ் எழுத்து திரையில் விழும். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்துவிட்டு, ஆங்கிலத்துக்கு மாற்றாமல் ஸ்கேன் செய்கிறீர்களா என்று கவனியுங்கள். சிக்கல் சில நேரங்களில் மட்டும் தோன்றுவதற்கு இதுவே காரணமாக இருக்கும். எண்ணை இலக்கங்களாக மட்டும் மாற்றிக்கொண்டால் இதுவும் பெரும்பாலும் தீர்ந்துவிடும். எழுத்து கட்டாயம் வேண்டுமென்றால், ஆல்ட் விசையையும் எண்பலகையையும் பயன்படுத்தி எழுத்துகளை அனுப்பும் அமைப்பு பல ஸ்கேனர்களில் இருக்கிறது. கையேட்டில் அதற்கென்று அச்சிட்டிருக்கும் பார்கோடைப் படிக்கச் செய்தால் அது செயல்படத் தொடங்கும்.

பூஜ்யம் மறைவதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கலாம். கடைப் பொருட்களில் வழக்கமாக வரும் இரண்டு பார்கோடு வகைகளில் யூபிசி 12 இலக்கம், இஏஎன் 13 இலக்கம். 12 இலக்க எண்ணுக்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தால் அதுவே அதற்கு இணையான 13 இலக்க எண். ஸ்கேனரின் அமைப்பைப் பொறுத்து அது 12 ஆகவும் வரலாம், 13 ஆகவும் வரலாம். வெவ்வேறு அமைப்பிலுள்ள இரண்டு ஸ்கேனர்கள் ஒரே பெட்டியைப் படித்தால் இரண்டு வெவ்வேறு எண்கள் பதிவாகும். எல்லா ஸ்கேனர்களையும் 13 இலக்கம் அனுப்பும்படி ஒன்றுபோல் அமைத்துவிடுங்கள். அதன் பிறகும் எக்செல் அதை எண்ணாகக் கருதி முன்னாலுள்ள பூஜ்யத்தைக் கழித்துவிடும். ஸ்கேன் செய்வதற்கு முன்பே எக்செல் தாளின் அந்த நெடுவரிசையை உரை வடிவத்துக்கு மாற்ற வேண்டும். ஸ்கேன் செய்த பின் மாற்றினால் போன பூஜ்யம் திரும்பாது.

இருப்புக்கணக்கு

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆறு இலக்க எண்ணுக்கு மாறி, டேப் இல்லாமல், அலகுக்கு இரண்டு புள்ளி வீதம் அச்சிட்டோம். பழைய லேசர் ஸ்கேனரே உடனுக்குடன் படிக்கிறது. விசைப்பலகைச் சிக்கலும் சொன்னபடியே இருந்தது. ஆனால் சில எண்களின் லேபிள்கள் மட்டும் இன்னும் படிக்கப்படுவதில்லை. உற்றுப் பார்த்தால் எல்லா லேபிள்களிலும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று தெரிகிறது. மேலும், எங்கள் பொருட்களுக்கும் 13 இலக்க எண் கொடுத்துவிடலாமா என்று மேலாளர் கேட்கிறார்.

லேபிள்அச்சு

அந்தக் கீற்று அச்சுமுனையில் ஒரு வெப்பப் புள்ளி வேலை செய்யாததைக் காட்டுகிறது. பிரிண்டரை அணைத்து, ஆறவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மென்துணியால் அச்சுமுனையைத் துடைத்துப் பாருங்கள். ஒட்டிய அழுக்கு என்றால் போய்விடும். போகவில்லை என்றால் அந்தப் புள்ளி எரிந்துவிட்டது என்று பொருள். உங்கள் கோடுகள் தாள் நகரும் திசையிலேயே நீளவாக்கில் அமைந்திருப்பதால், செத்த புள்ளி ஒரு கோட்டின் மேல் விழும்போது அந்தக் கோடு முழு உயரத்துக்கும் மெலிந்துவிடுகிறது. இடைவெளியில் விழும் எண்களில் எந்தப் பாதிப்பும் இல்லை. சில எண்கள் மட்டும் படிக்கப்படாததன் காரணம் இதுதான். பார்கோடைச் சற்று இடமோ வலமோ நகர்த்திக் கீற்று கோடுகளுக்கு வெளியே விழும்படி செய்யலாம், 25 மி.மீ.இல் 22 போனால் அதற்கு இடம் குறைவு என்பதும் உண்மை.

பார்கோடை ஏணிப்படி போலக் குறுக்காகத் திருப்பி அச்சிட்டால் கீற்று எல்லாக் கோடுகளையும் ஒரே இடத்தில் வெட்டிச் செல்லும். அதற்கு மேலோ கீழோ லேசரை ஓட்டிப் படித்துவிடலாம். உருளை வடிவப் பொட்டலங்களுக்கு இந்த அமைப்பே ஏற்றது. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு. தாள் நகரும் திசையில் வெப்பம் சற்று இழுபடுவதால், குறுக்குக் கோடுகள் தடித்துவிடும். இந்தத் தொல்லை பார்கோடின் வரலாற்றிலேயே உள்ளது. நார்மன் உட்லண்டும் பெர்னார்டு சில்வரும் 1952இல் காப்புரிமை பெற்ற வடிவம் வட்டங்களால் ஆனது. வட்டம் எந்தத் திசையில் அச்சானாலும் மை இழுபட்ட இடத்தில் கெட்டுவிடும். ஐபிஎம் நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் அமைத்த நேர்க்கோடுகளை அச்சு ஓடும் திசையில் வைத்தால், மை இழுபட்டாலும் கோடு நீளுமே தவிர அகலமாகாது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ட்ராய் நகரில் முதன்முதலாகக் கல்லாவில் ஸ்கேன் செய்யப்பட்ட சூயிங்கம் பொட்டலத்தில் இருந்தது அந்த வடிவமே. நீங்கள் திருப்பி அச்சிடுவதானால் வெப்பத்தையும் வேகத்தையும் குறைத்துச் சோதித்த பிறகே மொத்தமாக அச்சிடுங்கள்.

பில்லிங்உதவி

13 இலக்கம் பற்றி: வெளியே விற்கும் பொருளுக்கு, பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 அமைப்பிடம் பதிவுசெய்து பெற்ற எண்தான் செல்லும், நாமாக ஓர் எண்ணைக் கற்பித்தால் அது வேறொருவரின் பொருளாக இருக்கக்கூடும். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் நிறுவனத்துக்குள் பயன்படுத்துவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. அவை உங்கள் சுவர்களுக்குள் மட்டுமே பொருளுடையவை. எடுத்துக்காட்டாக 200000104201 என்ற 12 இலக்கத்தை எடுத்து, இடமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் 16 வரும். அடுத்த பத்தின் மடங்கான 20க்கு 4 தேவை என்பதால் 13ஆவது இலக்கம் 4. மென்பொருளே இதைக் கணக்கிட்டுக்கொள்ளும்.

ஆனால் உங்கள் லேபிளுக்கு இது ஒத்துவராது. இஏஎன்–13க்கு 95 அலகு, இடப்புறம் 11, வலப்புறம் 7 என 113 அலகுகள் வேண்டும். இரண்டு புள்ளி வீதம் 28 மி.மீ.க்கு மேல் போகிறது. அந்த அலகு அகலமான 0.25 மி.மீ., இஏஎன்னுக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்த அளவான 0.264 மி.மீ.ஐ எட்டவும் இல்லை. உள்ளே புழங்கும் பாகங்களுக்கு ஆறு இலக்க கோட் 128ஐயே வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலாளரிடம் சொல்லலாம்.

பழைய லேபிள் ஒட்டிய சரக்கை உடனே பிரித்து ஒட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான பில்லிங் மென்பொருள்களில் ஒரு பொருளுக்கு மாற்று எண் பதிவதற்கான புலம் இருக்கும். பழைய எண்ணை அதில் ஏற்றிவிட்டால், அந்தச் சரக்கு தீரும் வரை இரண்டு லேபிள்களும் ஒரே பொருளையே காட்டும்.