உங்கள் தோட்டத்துக்குள் வைரஸ் எப்படி வந்தது? பட்டதைச் சொல்லுங்கள்

ஆத்தூர் குச்சிக்காரர்:

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் பக்கம் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்றுதான் சொல்வோம். சேலம், நாமக்கல் முழுக்க ஜவ்வரிசி ஆலைகள் இருப்பதால் எங்களுக்கு அதுதான் பணப்பயிர். ஆலையில் எடையை மட்டும் பார்க்க மாட்டார்கள். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள்.

தேமல் நோய் என்னைப் பயமுறுத்தவே இல்லை. அதுதான் என் பிரச்சினை. சின்ன வயதிலிருந்தே இலையில் வெளிர்மஞ்சள் திட்டும் சுருக்கமுமாக நின்ற செடிகளைப் பார்த்தே வளர்ந்தவன். குச்சி இலை என்றாலே அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்திருந்தேன். ஒரு முறை மச்சான் காட்டுக்குப் போனபோது, கைவிரலை விரித்த மாதிரி அகலமாக, ஒரே பச்சையாக நின்றது பயிர். "இது என்ன புது ரகமா?" என்று கேட்டேன். "யோவ், உன்கிட்ட இருக்கிற அதே எச் 226 தான்யா" என்றார்.

வீட்டுக்கு வந்து, தேமல் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈயைக் கொல்ல மூன்று முறை மருந்தடித்தேன். செடியை உலுக்கினால் சாம்பல் பறப்பது போல வெள்ளை ஈ கிளம்பும். அடித்த மறுநாள் ஒன்றும் இருக்காது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் திரும்பவும் சாம்பல். தேமல் மட்டும் குறையவே இல்லை.

ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பயிற்சிக்குப் போனபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே ஒருவர், "அடியிலையைப் பாருங்கள்" என்றார். முளைத்து வரும் முதல் இலையிலேயே தேமல் இருந்தால் அது நட்ட குச்சியோடு வந்தது. அடியிலைகள் சுத்தமாக இருந்து மேலே வரும் இலைகளில் மட்டும் தெரிந்தால்தான் அது இந்த வருடம் வெள்ளை ஈ கொண்டுவந்தது. மறுநாள் காலையில் வரிசையாக 100 செடி எண்ணினேன். 70-க்கு மேல் அடியிலைத் தேமல். அதாவது ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 5,000 குச்சி வெட்டி, என் கையாலேயே வைரஸை நட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து ஈயைத் துரத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்புறம் இன்னொரு சிக்கல். அறுவடை சமயத்தில் இலை உதிர்ந்து குச்சி மொட்டையாக நிற்கும். எது நல்ல செடி, எது தேமல் செடி என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதனால் இலை இருக்கும்போதே, நாலாவது மாதம் வாக்கில், சுத்தமான செடிகளில் மனைவியின் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிவிடுகிறேன். விதைக்குச்சி அதில் மட்டும்தான் எடுப்பது. முதல் வருடம் பக்கத்துக் காட்டுக்காரர் ஏதோ வேண்டுதல் என்று நினைத்து, எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார்.

நீங்கள் சொல்லுங்கள்.

சிறுமலைப் பேரன்:

அண்ணா, உங்கள் கதை அப்படியே எங்கள் தாத்தா கதை. ஈக்குப் பதில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி, குச்சிக்குப் பதில் வாழைக்கன்று. அவ்வளவுதான் வித்தியாசம்.

சிறுமலை வாழையும் விருப்பாச்சி வாழையும் சிறுமலையிலும் கீழ்ப்பழனி மலைகளிலும் காப்பிக்கு நடுவே வளர்வது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சிதான் வேண்டும் என்பார்கள். சதை கெட்டி, தண்ணீர் விடாது. 2008-ல் இரண்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அதற்குப் பல வருடம் முன்பே மலையில் பெரும்பகுதி வாழை காலியாகிவிட்டது. முடிக்கொத்து நோய்.

தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். முதலில் ஒரு மரத்தில் குருத்து இலை குட்டையாக, நேர்குத்தாக வந்ததாம். அடுத்தது இன்னும் குட்டை. எல்லாம் உச்சியில் நெருக்கியடித்துக் கொத்தாக நின்றது. தார் வரவே இல்லை. உரம் பத்தவில்லை என்று இரண்டு கூடை குப்பை போட்டாராம். பிறகு வேறு ஒருவர் வந்து பார்த்துவிட்டு வெட்டச் சொல்லியிருக்கிறார். தாத்தா வெட்டி, ஓடைக்கரையில் கொண்டுபோய்ப் போட்டார்.

அந்த ஒரு காரியத்தைத்தான் அவர் சாகும்வரை சொல்லிப் புலம்பினார். இதைப் பரப்பும் கறுப்பு அசுவினி மரத்தின் அடியிலும் மட்டை இடுக்கிலும் எறும்புக் காவலோடு உட்கார்ந்திருக்கும். மரம் வாடினால் இறக்கை முளைத்தது எல்லாம் அடுத்த வாழைக்குக் கிளம்பிவிடும். முதலில் பூச்சியைக் கொன்றுவிட்டுத்தான் மரத்தில் கை வைக்க வேண்டும். அப்புறம் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். தாய்மரத்தில் வைரஸ் ஏறினால் அதே கிழங்கில் வரும் பக்கக்கன்று அத்தனையிலும் இருக்கும். கன்று பார்க்க நன்றாக இருக்கிறது என்று பெயர்த்து அடுத்த ஊருக்குக் கொடுத்தால் முடிந்தது. மலையில் பெண் கொடுத்த வீட்டுக்கெல்லாம் கன்றும் போகும். மரியாதை. அப்படித்தான் நோயும் போனது.

இந்த நோயை முதலில் பதிவு செய்தது 1889-ல், பிஜியில். அங்கிருந்து உலகம் சுற்றியதும் பெரும்பாலும் கன்றில் ஏறித்தான். கடலைத் தாண்டிப் பறக்க அசுவினிக்கு இறக்கை பத்தாது.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: இலையை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். நடுநரம்பை ஒட்டியும் காம்பிலும் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடுமாக, பழைய தந்தி எழுத்து மாதிரி தெரியும். இலை குட்டையாவதற்கு முன்பே இது வந்துவிடும். நான் இப்போது திருச்சி வாழை ஆராய்ச்சி மையம் வழியாக வந்த, வைரஸ் சோதித்த திசு வளர்ப்புக் கன்றுதான் வைக்கிறேன். இருந்தாலும் வாரம் ஒரு முறை தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பப்பாளியில் பட்டவன்:

நான் உங்களை மாதிரிப் பரம்பரை விவசாயி இல்லை. திருப்பூரில் வேலையை விட்டுவிட்டு ஒன்றரை ஏக்கரில் ரெட் லேடி ரகப் பப்பாளி போட்டவன். விதை விலையைக் கேட்டு வீட்டில் சண்டை. நடுவில் இடம் சும்மா இருக்கிறதே என்று பூசணி விட்டேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

ஐந்தாவது மாதம் மேல் இலைகள் மெலிந்து நூல் மாதிரி வந்தன. காம்பிலும் தண்டிலும் எண்ணெய் தடவியது போலக் கரும்பச்சைக் கோடுகள். காயில் வட்டம் வட்டமாக வளையம். வளையப்புள்ளி நோய். மருந்துக் கடையில் ஒன்று கொடுத்தார்கள், அடித்தேன். அடுத்த வாரம் வேறொன்று கொடுத்தார்கள், அதையும் அடித்தேன். அசுவினியைத் தேடித் தேடி இலையைத் திருப்பிப் பார்ப்பேன். ஒன்றுகூட இருக்காது! இல்லாத பூச்சிக்கு எதற்கு மருந்து அடிக்கிறோம் என்று எனக்கே குழப்பம். மொத்தத்தில் 900 மரத்தில் அறுவடை கொடுத்தது 200 இருக்கும். அதிலும் பாதி இனிப்பே இல்லை.

இன்றுவரை எனக்குப் புரியாதது அதுதான். பூச்சியே இல்லாமல் எப்படி வந்தது?

வேளாண் மாணவி:

அண்ணா, பூச்சி வந்தது, ஆனால் உங்கள் தோட்டத்தில் தங்கவில்லை. அசுவினிக்குப் பப்பாளி பிடித்த சாப்பாடு கிடையாது. பறந்து போகிற வழியில் உட்கார்ந்து, ஊசிவாயால் ஒரு குத்துக் குத்திப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று அடுத்த மரத்துக்குப் போய்விடும். இந்த வைரஸுக்கு அந்தச் சில நொடிகளே போதும். பூச்சியின் உடலுக்குள் போவதில்லை, வாய் நுனியில் ஒட்டிக்கொண்டு போகிறது. மருந்து பூச்சியைக் கொல்வதற்குள் அது நாலு மரத்தைச் சுவைத்து முடித்திருக்கும். சில மருந்துகள் பட்டால் பூச்சி அமைதியிழந்து இன்னும் அதிக மரங்களைக் குத்தும்.

குச்சிக்கார ஐயா சொன்ன வெள்ளை ஈயும் சிறுமலை வாழை அசுவினியும் வேறு வகை. அவற்றில் வைரஸ் குடலைத் தாண்டி எச்சில் வரை போய்ச் சேர வேண்டும். அதற்கு மணிக்கணக்கில் குடிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஏறிய பிறகு நாள்கணக்கில் பரப்பும்.

சொன்னால் கோபப்படாதீர்கள். உங்கள் பூசணியில் அசுவினி நன்றாகப் பெருகும். பப்பாளியைத் தாக்கும் வைரஸ் பூசணிக் குடும்பத்திலும் ஏறும்.

ஹவாய் தீவில் புனா என்ற பகுதியில் 1992-ல் இந்த வைரஸ் நுழைந்து சில வருடத்தில் தோட்டங்களை முடித்தது. டென்னிஸ் கொன்சால்வஸ் குழு வைரஸின் மேலுறைப் புரத மரபணுவையே பப்பாளிக்குள் வைத்து உருவாக்கிய ரகம் 1998-ல் விவசாயிகள் கைக்கு வந்து அவர்களைக் காப்பாற்றியது. நம் ஊரில் அந்த ரகம் சாகுபடியில் இல்லை. நாற்றை நைலான் வலைக்குள் வளர்த்து, நடுவதற்கு முன்பே சுற்றிலும் நெருக்கமாக மக்காச்சோளம் விடுங்கள். பறந்து வரும் அசுவினி முதலில் அதைக் குத்தி வாயைத் துடைத்துக்கொள்ளும்.

பப்பாளியில் பட்டவன்:

பூசணியா! அதில் மட்டும்தான் அந்த வருடம் நாலு காசு பார்த்தேன், தங்கச்சி.

ஓசூர் தக்காளி:

என் தாய்மாமன் ஆந்திராவில் அனந்தபூர் பக்கம் நிலக்கடலை போடுகிறவர். 2000-ல் அந்த மாவட்டத்தில் லட்சக்கணக்கான ஏக்கரில் கடலைச்செடி குருத்து கருகி, தண்டு கறுத்துச் செத்தது. அங்கே வைரஸைக் கொண்டுவந்தது இலைப்பேன் என்ற குட்டிப் பூச்சி. ஆனால் நேராகக் கொண்டுவரவில்லை. வரப்பில் பார்த்தீனியம் பூத்து நிற்கும். அதில் வைரஸ் இருந்தாலும் செடியைப் பார்த்தால் நோயே தெரியாது. அதன் மகரந்தத்தை இலைப்பேன் உடம்பில் பூசிக்கொண்டு வந்து கடலை இலையைச் சுரண்டும்போது, அந்தக் காயம் வழியாக மகரந்தத்தில் இருந்த வைரஸ் உள்ளே போகும். மாமா அதற்குப் பிறகு வீட்டுக்கு வரும் மாப்பிள்ளைகளைக்கூட வரப்பில் பார்த்தீனியம் பிடுங்க விடுவார். பூக்கும் முன்னால் பிடுங்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

கீழ்வேளூர் அக்கா:

எங்கள் பக்கம் நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், ஈரத்திலேயே உளுந்து தெளித்துவிடுவோம். உழவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது, பனியில் விளையும். போன வருடம் அறுவடை இயந்திரம் வரத் தாமதம், தெளிப்பும் தள்ளிப்போனது. மாசியில் வயலைப் பார்த்தால் மஞ்சள் தேமல் நோய் வந்து தூரத்திலிருந்தே மஞ்சள். கடுகு பூத்திருக்கிறதா என்று வெளியூர்க்காரர் கேட்பார், அந்த மாதிரி. முன்னாடியே தெளித்த பக்கத்து வயலில் அங்கொன்று இங்கொன்றுதான். வெயில் ஏற ஏற வெள்ளை ஈ கூடும், என் உளுந்து சரியாக அப்போதுதான் இளசாக நின்றது. இந்த வருடம் வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையத்தில் வந்த, தேமல் தாங்கும் ரகம் கொஞ்சம் வாங்கித் தெளித்திருக்கிறேன். ஒரு மா நிலத்தில் மட்டும், ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. மீதி பழைய விதைதான், கையில் இருந்ததை எறிய மனசு வரவில்லை.

குச்சிக்காரத் தம்பி, சேலை கட்டிய செடியில் அடுத்த வருடமும் தேமல் வருமா?

ஆத்தூர் குச்சிக்காரர்:

வரும் அக்கா. முதல் வருடம் 100-க்கு 70, இரண்டாவது வருடம் 30 சொச்சம், போன வருடம் 18. பக்கத்துக் காட்டில் தேமல் இருக்கும்வரை ஈ கொண்டுவந்துகொண்டேதான் இருக்கும். இளம் செடியிலேயே தெரிந்தால் பிடுங்கிவிடுகிறேன். பாயிண்ட் இந்த முறை 28 வந்தது. முன்பு 25-ஐத் தாண்டியதில்லை.

கோயில் கேட்ட பக்கத்துக் காட்டுக்காரரே போன மாதம் வந்து சேலைக் குச்சி 1,000 கிடைக்குமா என்றார். தை மாதம் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பழைய சேலைதான் தீர்ந்துவிட்டது. வேட்டியைக் கிழிக்கலாம் என்றால் வெள்ளைத் துணி தூரத்தில் தெரியாதே என்று யோசிக்கிறேன்.