கல்வானில் சண்டை, துறைமுகத்தில் மருந்து: எல்லாவற்றையும் இங்கேயே செய்ய முடியுமா?

திருச்சி மருந்துக்கடை:
2020 ஜூன் 15 அன்று லடாக் எல்லையில் சீனாவோடு நடந்த கல்வான் மோதலில் 20 வீரர்களை இழந்தோம். அடுத்த வாரமே சீனாவிலிருந்து வந்த கண்டெய்னர்களைச் சென்னை, மும்பை துறைமுகங்களில் நிறுத்திச் சோதித்தார்கள். மருந்து மூலப்பொருளும் அதில் மாட்டியது. நாம் இறக்குமதி செய்யும் மூலப்பொருளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீனச் சரக்கு. விலை கூடினாலும் சரி, இங்கேயே செய்ய வேண்டும்.

பர்ச்சேஸ் குமார்:
அண்ணா, அந்தச் சரக்கைப் பிடித்து வைத்தது சீனா இல்லை, நம் சுங்கம். எங்கள் சின்ன கம்பெனிக்கு வர வேண்டிய அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் டிரம்கள் துறைமுகத்தில் நின்றன. இங்கே கேப்சூல் நிரப்பும் மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம், விலை கூடினால் யார் கொடுப்பது? அமாக்ஸிசிலினுக்கு அரசு உச்சவிலை வைத்திருக்கிறது. கட்டுப்படியாகாவிட்டால் கம்பெனி உற்பத்தியைக் குறைக்கும். அப்போதும் உங்கள் கடைக்கு மருந்து அட்டை வராது. இரண்டு நாட்டில் வாங்குவோம், மூன்று மாதச் சரக்கை இருப்பு வைப்போம்.

திருச்சி மருந்துக்கடை:
இரண்டாவது நாடு எங்கே இருக்கிறது தம்பி? அமாக்ஸிசிலினுக்கு அடிப்படை பென்சிலின் ஜி. 1950களிலேயே புனே பக்கம் பிம்பிரியில் அரசு ஆலை பென்சிலின் தயாரித்தது. 90களுக்குப் பிறகு சீன விலையோடு போட்டிபோட முடியாமல் நம் ஆலைகள் ஒவ்வொன்றாக நின்றன. நுண்ணுயிரைத் தொட்டியில் வளர்த்து எடுக்கும் வேலை அது. மூடிய ஆலையைச் சண்டை வந்த மாதத்தில் திறந்துவிட முடியாது. மூலப்பொருளை இங்கேயே தயாரிக்க 2020இல் 6,940 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தார்கள், காக்கிநாடாவில் பென்சிலின் ஜி ஆலை 2024இல்தான் வந்தது. நான்கு வருடம்!

வார்டு நர்ஸ்:
நடுவில் பேசுவதற்கு மன்னியுங்கள். ருமாட்டிக் காய்ச்சலால் இதயம் பாதித்த பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சத்தீன் பென்சிலின் ஊசி போடுவோம், வருடக்கணக்கில். ஊசி இல்லையென்று ஓர் அம்மாவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிள்ளையின் ஊசிக் குறிப்பு அட்டையில் அந்தத் தேதிக்கு நேரே கட்டம் காலியாக இருந்தது. உங்கள் மூன்று மாத இருப்பில் இந்த ஊசி உண்டா குமார்?

பர்ச்சேஸ் குமார்:
இல்லை சிஸ்டர். லாபம் குறைந்த சரக்கில் மூன்று மாதப் பணத்தை எந்த முதலாளியும் முடக்க மாட்டார். அந்த இருப்பை அரசுதான் வாங்கி வைக்க வேண்டும். ஆலை விஷயத்தில் பென்சிலினுக்கு மட்டும் அண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எல்லா மருந்துக்கும் என்றால் இன்னும் மாட்டேன்.