எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு 74 நாள் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள், என்ன செய்வது?

பனியன்_பையன்:

அம்மாவுக்கு வயது 57. ஊரில் தனியாக இருக்கிறார், நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் பார்க்கிறேன். ஆறு மாதமாக அவருக்கு இடுப்பு வலி, அப்புறம் அது இடது காலிலும் இறங்கிவிட்டது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி, மாத்திரை எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, இது இங்கே ஆகாது என்று மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். (எந்த ஊர் என்று சொல்லவில்லை, எல்லா இடத்திலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்.)

முதல் நாள் விடிகாலை நாலரை பஸ்ஸைப் பிடித்துப் போய் ஓபி சீட்டுக்கு வரிசையில் நின்றோம். பதினோரு மணிக்குத்தான் எலும்பு டாக்டரைப் பார்க்க முடிந்தது, எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார், எடுத்துக்கொண்டு வருவதற்குள் ஓபி முடிந்து கதவைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் போனால் இன்றைக்கு வேறு யூனிட் (வேறு டாக்டர் குழு), உங்கள் யூனிட் அடுத்த வாரம்தான் என்றார்கள். சரி என்று அடுத்த வாரம் போனோம். எம்ஆர்ஐ எழுதினார்கள். ஸ்கேன் கவுன்டரில் இருந்த பெண் ஒரு நீள நோட்டைப் புரட்டிக்கொண்டே போய், 74 நாள் கழித்து ஒரு தேதியைச் சீட்டின் மூலையில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார். முன்னாடி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை, அடுத்த சீட்டுக்குக் கை நீட்டிவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, எனக்குப் பின்னால் முப்பது பேர் நின்றார்கள்.

இதுவரை மூன்று நாள் சம்பளம் போனதுதான் மிச்சம். வெளியே ஸ்கேன் சென்டரில் ஏழாயிரம் கேட்கிறார்கள். கடன் வாங்கி எடுத்துவிடலாமா, இல்லை காத்திருக்கலாமா? அம்மாவைக் கேட்டால் வலி பழகிவிட்டது, இருக்கட்டும் என்கிறார். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் இடது கால் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார், வாசலில் செருப்பை விடும்போதுதான் ஒன்று இல்லை என்று பார்த்தாராம். சிரித்துக்கொண்டே போனில் சொன்னார். வயதாகிறது போல.

மேட்டுத்தெரு_குமார்:

தம்பி, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி என்றால் அப்படித்தான். வெளியே எடுத்துவிடுங்கள். எங்கள் அப்பாவுக்கு நாங்கள் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் தேதி வந்த அன்றைக்கு மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பினார்கள். முதல்வர் உதவி மைய நம்பர் 1100க்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தேன், புகார் எண் கொடுத்தார்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நெல்வயல்:

குமார் அண்ணன் கோபம் நியாயம்தான், ஆனால் வெளியே எடுத்தால் மட்டும் வேலை முடியாது. ஏழாயிரம் கொடுத்து ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு மறுபடி அதே யூனிட், அதே ஓபி வரிசையில்தானே போய் நிற்க வேண்டும்? ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால் அதற்கு வேறு வரிசை.

முதலில் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம், ஊரில் இன்னும் கலைஞர் காப்பீடு என்றுதான் சொல்வார்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. இல்லையென்றால் விஏஓவிடம் கையெழுத்து வாங்கி வருமானச் சான்று எடுத்து, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993, காசு இல்லாத நம்பர். உங்கள் பெயர் திருப்பூர் ரேஷன் கார்டுக்கு மாறிவிட்டதா, அம்மா எந்தக் கார்டில் இருக்கிறார் என்பதையும் பாருங்கள், நாங்கள் மாட்டிக்கொண்டது அங்கேதான். அம்மா பெயர் அண்ணன் கார்டில், அண்ணன் வெளியூரில், அட்டை யார் பெயரில் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஓடியது.

இன்னொன்று. பல ஊர்களில் இந்த ஸ்கேன் சென்டரை நடத்துவது ஆஸ்பத்திரி கிடையாது, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அதனால் ஓபி டாக்டரிடம் போய் ஏன் தேதி தள்ளிக் கொடுத்தீர்கள் என்று சண்டை போட்டு லாபமில்லை. ஆனால் அவர் சீட்டில் என்ன எழுதினார் என்பது வேறு விஷயம், அது அவர் கையில்தான் இருக்கிறது.

பிசியோ_அக்கா:

தம்பி, நீங்கள் கடைசியில் விளையாட்டாகச் சொன்ன செருப்பு விஷயம்தான் இதில் முக்கியம். மற்றதை எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

வலி வேறு, நரம்பு அழுத்தம் ஏறுவது வேறு. செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், இல்லையென்றால் முன்பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் சக்தி குறைந்திருக்கலாம், இரண்டும் இருக்கலாம். சர்க்கரை இருப்பவர்களுக்கும் பாதம் மரத்துப்போகும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இன்றைக்கே அம்மாவைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நிற்கச் சொல்லுங்கள், முன்பாதம் இரண்டும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும், அப்படியே நாலு அடி நடக்கட்டும். இடது பாதம் மட்டும் தொப் தொப்பென்று விழுகிறதா என்று பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்கட்டும். விழுகிறது என்றால் 74 நாள் என்ன, ஒரு வாரம்கூட உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அப்புறம் இதைக் கட்டாயம் கேளுங்கள், மகனிடம் சொல்லக் கூச்சப்படுவார், பக்கத்து வீட்டு அக்காவை விட்டுக் கேட்கச் சொன்னாலும் சரி: சிறுநீர் வருவது தெரிகிறதா, அடைக்கிறதா, தன்னை அறியாமல் போகிறதா, உட்காரும் இடம் மரத்த மாதிரி இருக்கிறதா? இதில் ஏதாவது ஒன்று புதிதாக வந்திருந்தால் ஓபிக்குப் போகவே கூடாது, நடு இரவானாலும் 108 வைத்து நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. அது மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய சமாச்சாரம்.

டாக்டரிடம் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்தில் ஆறு மாதமாக வலி சார் என்று ஆரம்பித்தால், அந்த அறையில் இருக்கும் எண்பது பேரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். செருப்பு கழன்றது தெரியவில்லை, கால் விழுகிறது, இத்தனை நாளாக என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். உங்கள் சீட்டை எடுத்துப் பாருங்களேன், இடுப்பு வலி என்று மட்டும்தான் எழுதியிருக்கும். கவுன்டரில் இருப்பவர் அதைப் பார்த்துத்தானே தேதி போடுவார்? கால் பலவீனம் என்று எழுதி, அவசரம் என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேறு வரிசையில் போகும்.

பனியன்_பையன்:

அக்கா, சீட்டைப் பார்த்தேன். எல்பிஏ என்று மூன்று எழுத்து, கீழே எம்ஆர்ஐ. அவ்வளவுதான். இதற்கா 74 நாள் என்று இருக்கிறது. நான்தான் செருப்பு பற்றிச் சொல்லவே இல்லை, அம்மாவும் சொல்லவில்லை. இன்று இரவே பஸ் ஏறுகிறேன்.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், பிசியோ அக்கா சொன்னது அத்தனையும் சரி. எல்பிஏ என்றால் இடுப்பு வலி, அவ்வளவே.

இதையும் கேட்டுக்கொள் தம்பி. வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கும், விபத்தில் வந்தவருக்கும்தான் மெஷின் முதலில். ஓபி ஆட்கள் மிச்ச நேரத்தில். ஒருவருக்கு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் ஓடும் மெஷின் அது, ஊருக்கு ஒன்றுதான், சுற்றுப்பட்டு ஜனம் எல்லாம் அங்கேதான் வரும். அதனால் டாக்டர் பார்த்துவிட்டு அட்மிஷன் போடுகிறேன் என்றால், வீட்டில் ஆடு இருக்கிறது, கோழி இருக்கிறது என்று அம்மா சொல்வார், கேட்காதே, போட்டுவிடு. அட்மிஷன் கிடைக்கவில்லை என்றால் ஆர்எம்ஓ (ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கும் டாக்டர்) அறைக்குப் போய்ச் சீட்டைக் காட்டி அமைதியாகச் சொல். கத்தினால் வேலை நடக்காது, கத்துகிறவர்களை அவர் தினமும் நாற்பது பேர் பார்க்கிறார். ஸ்கேன் வாசலில் காலையிலேயே போய் உட்கார்ந்தால் வராதவர் இடம் சில நாள் கிடைக்கும், வெறும் வயிறாக இருக்கச் சொன்னார்களா என்று மட்டும் கேட்டுக்கொள். ஸ்ட்ரெச்சருக்குக் காசு கேட்டால் கொடுக்காதே என்று சொல்வது சுலபம், அம்மாவை வராந்தாவில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அது உனக்கே தெரியும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

மூக்குத்தியை வீட்டிலேயே கழற்றிவிடு. சின்ன விஷயம் மாதிரி தெரியும். இருபது வருஷமாகக் கழற்றாத திருகு ஸ்கேன் ரூம் வாசலில் கழறாது, அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள், மறுபடி தேதி. மெட்டி, தாலிக்கொடி, கொண்டை ஊசி, பாவாடை நாடாவில் முடிந்த ஊக்கு வரைக்கும் பார்த்துக் கழற்று. உடம்புக்குள் பேஸ்மேக்கரோ பிளேட்டோ இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

மேட்டுத்தெரு_குமார்:

இவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு போனால்தான் வைத்தியம் கிடைக்கும் என்றால் தெரியாதவன் என்ன செய்வான் அக்கா? எங்கள் அப்பாவுக்கு இதை ஒருத்தரும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற_நர்ஸ்:

அதற்கு என்னிடம் பதில் இல்லை குமார். சீட்டு வாங்கும் இடத்திலேயே நின்று, யார் நடக்கத் தடுமாறுகிறார்கள் என்று பார்க்க ஒரு நர்ஸைப் போடுங்கள் என்று நாங்களே கேட்டிருக்கிறோம். ஆள் இல்லை என்றார்கள். வார்டில் ஐம்பது பேருக்கு நான் ஒருத்தி நின்ற இரவுகள் உண்டு, அதனால் ஆள் இல்லை என்றது பொய்யும் இல்லை.

பனியன்_பையன்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், வார்டில் சார்ஜ் போட ஒரே ஒரு பிளக் பாயின்ட்.

குதிகாலில் நிற்க வைத்துப் பார்த்தோம், இடது பாதம் நிற்கவே இல்லை. யூனிட் நாளில் போய் முதல் வாக்கியமே செருப்புதான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து அம்மாவின் கால் கட்டைவிரலைப் பிடித்து மேலே தூக்கச் சொன்னார், அம்மா தூக்குவதாக நினைத்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறார், விரல் அசையவில்லை. அன்றைக்கே அட்மிஷன். மூன்றாம் நாள் எம்ஆர்ஐ. இடுப்பில் ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறதாம், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள், காப்பீட்டு அனுமதிக்கு அனுப்பியிருக்கிறார்கள், தேதி இன்னும் சொல்லவில்லை. சக்தி முழுதாகத் திரும்புமா என்று கேட்டேன், பார்க்கலாம் என்றார்.

நர்ஸ் அக்கா, மூக்குத்தி வீட்டில் கழறவே இல்லை. தேங்காய் எண்ணெய் விட்டு நானும் சித்தியும் ஒரு மணி நேரம் போராடினோம். கடைசியில் கடைத்தெரு ஆசாரியிடம் கூட்டிப்போய் வெட்டி எடுத்தோம், ஐம்பது ரூபாய் வாங்கினார். இரண்டு துண்டையும் பேப்பரில் மடித்து என் பர்சில் வைத்திருக்கிறேன், அம்மா தினமும் ஒரு தடவை எடுத்துக் காட்டச் சொல்கிறார்.